காலியா விட்ட கட்டம்

இல்ல மாமா, அந்தப் பக்கம் திரும்பிக்காதீங்க. கோவம் இருக்கும். இத்தனை மாசம் எட்டிப் பார்க்காத மருமக திடீர்னு வந்து ஆரஞ்சு உரிச்சுக்கிட்டு உக்காந்திருந்தா யாருக்குத்தான் வராது. வாயைத் திறங்க, ஒரு சுளை. கொட்டை எடுத்துட்டேன். வேண்டாமா, இல்ல அப்புறமாவா? சரி, இங்க வச்சுடறேன். உங்களுக்கு எப்போ தோணுதோ அப்போ.

நீங்க யாரையும் பார்க்க விரும்பலைன்னுதான் இந்த முதியோர் இல்லத்துல எல்லாரும் நினைச்சுக்கிட்டிருந்தாங்கன்னு வார்டன் அக்கா சொன்னாங்களா? சொல்லலையா. அப்ப நான்தான் சொல்லணும். கம்ப்யூட்டர்ல நடந்த விஷயம். அந்த வேலையைச் செஞ்சு கொடுத்தது நான்.

உங்களை இங்க சேர்க்க வந்த அன்னிக்கு அக்கா கேட்டாங்க இல்ல, நீ கம்ப்யூட்டர் வேலைதானே பார்க்கறே, எங்களுக்கு ஒண்ணு செஞ்சு குடேன்னு. நீங்க வீல் சேர்ல பக்கத்துலதான் இருந்தீங்க. இங்க இருக்கறவங்க விவரம் எல்லாம் ஏற்கெனவே கம்ப்யூட்டர்ல இருந்துச்சு. ஆனா ஒருத்தரைத் தேடணும்னா மேல இருந்து கீழ வரைக்கும் உருட்டிக்கிட்டே போகணும், கண்ணு பூத்துடும். நான் ஃபில்டர் போட்டுக் கொடுத்தேன். சல்லடைன்னு வச்சுக்கங்களேன். ஓட்டை எவ்வளவு பெருசுன்னு அவங்களே மாத்திக்கற சல்லடை. ஒரு பட்டனை அமுக்கினா ஒரு வரி வரும். எதை வச்சுப் பிரிக்கணும், மாடியா, வயசா, நடக்க முடியுமாங்கறதா? அவங்களே தேர்ந்தெடுத்துக்கலாம். மறுபடி அமுக்கினா அதுக்குக் கீழ இன்னொரு வரி. ரெண்டாவது மாடி, நடக்க முடியாதவங்க, சீட்டு விளையாடப் பிடிச்சவங்க. வரி சேரச் சேரக் கீழ பேருங்க குறைஞ்சுக்கிட்டே வரும். அக்காவுக்குச் சந்தோஷத்துல தலைகால் புரியல. தட்டித் தட்டிப் பார்த்துச் சிரிச்சாங்க. எனக்கும் பெருமைதான். ஆஃபீஸ்ல எவன் என்னைப் பாராட்டினான்?

அப்புறம் அக்கா ஒண்ணு கேட்டாங்க. ஆளுங்க பார்க்க வர்றது சில பேருக்குப் பிடிக்காது, அவங்க பேர் இந்த ஸ்கிரீன்ல வரவே கூடாது, அதுக்கு எப்பவும் நிக்கற மாதிரி ஒரு வரி போடுன்னு. நர்ஸ் கட்டில் கட்டிலாப் போய்க் கேட்டாங்க, வந்து பார்க்கலாமா, வேண்டாமா? சொன்னதை அவங்கவங்க பேருக்கு நேரா இருக்கற கட்டத்துல போட்டாங்க. உங்ககிட்டயும் கேட்டிருக்காங்க. நீங்க எப்படிச் சொல்லுவீங்க? பக்கவாதம் வந்ததுல இருந்து உங்க நாக்கு உங்க பேச்சைக் கேக்கலையே. அந்த நர்ஸ் நல்ல பொண்ணு. நாமளா எதையும் போடக் கூடாதுன்னு காலியா விட்டுட்டா.

நான் மெஷின்கிட்ட சொன்னது இவ்வளவுதான். வேண்டாம்னு சொன்னவங்களை விட்டுட்டு மத்தவங்களைக் காட்டு. இதையே ஒரு மனுஷன்கிட்ட சொன்னா என்ன பண்ணுவான்? வேண்டாம்னவங்களை விட்டுட்டு மிச்சப் பேரைக் கூப்பிடுவான். மெஷின் அப்படி இல்ல மாமா. கட்டம் காலியா இருந்தா, இவர் வேண்டாம்னாரா இல்லையா, எனக்குத் தெரியாது, தெரியாத ஆளைக் காட்ட மாட்டேன்னு ஒதுக்கிடும். காலியா இருந்தாலும் காட்டுன்னு தனியாச் சொல்லணும். நான் சொல்லல. வேலைக்குப் புதுசா வர்றவங்க செய்யற தப்பு இது, இதுக்காக எத்தனை பேரைத் திட்டியிருக்கேன். வேண்டாம்னு வாயைத் திறந்து சொன்னவங்களோட, வாயே திறக்க முடியாத உங்களையும் சேர்த்து அது கழிச்சு விட்டுடுச்சு.

அப்புறம் என்ன, பாட்டுப் பாட வர்றவங்க, பேப்பர் படிச்சுக் காட்ட வர்றவங்க எல்லாம் உங்க கட்டிலைத் தாண்டித் தாண்டிப் போயிட்டாங்க. கேட்ல இருக்கறவரும் அதே ஸ்கிரீனைத்தான் பார்க்கறாரு.

ஆமா மாமா, வந்தாரு. உங்க டிரைவர் வந்தாரு. ஒரு தடவை இல்ல. அழாதீங்க, இருங்க துடைக்கிறேன். அவர் யாரையும் பார்க்க விரும்பலைங்கன்னு கேட்லயே சொல்லித் திருப்பி அனுப்பிட்டாங்க. காலம் பூரா ஒரே பஸ்ல அவர் டிரைவர், நீங்க கண்டக்டர். நீங்க விசில் கொடுக்காம ஒரு அடி வண்டியை நகர்த்தினதில்லைன்னு எங்க கல்யாணத்துல கூடச் சொல்லிச் சிரிச்சாரு. அந்த மனுஷன் போன வாரம் நம்ம வீட்டு வாசல்ல வந்து நின்னாரு. உள்ள வாங்கன்னா வரல, செருப்பைக் கூடக் கழட்டல. நான் என்னம்மா தப்பு பண்ணேன், எதுக்கு அவன் என்னை வேண்டாம்னான்? அவ்வளவுதான் கேட்டாரு. கம்ப்யூட்டர் கோளாறுன்னு சொன்னேன். நம்பிட்டாரு. அப்படியே முகம் மாறிடுச்சு பாவம். அவர் தெருமுனையைத் தாண்டறதுக்குள்ள சரி பண்ணிட்டேன். அவ்வளவு சின்ன வேலை.

கீழதான் இருக்காரு. நான்தான் கொஞ்சம் பொறுத்து மேல வாங்கன்னு சொல்லிட்டு வந்தேன்.

எல்லார்கிட்டயும் அந்தக் கம்ப்யூட்டர் கோளாறுங்கறதையேதான் சொல்லி வச்சிருக்கேன். அக்காகிட்ட, உங்க பையன்கிட்ட. தெரியாம நடந்துடுச்சுன்னு. நீ என்ன வேணும்னேவா பண்ணினே, விடுன்னு அக்கா என்னைத் தேத்தறாங்க. சனிக்கிழமையானா இங்க இருந்து வீட்டுக்கு மெசேஜ் வரும், நாளைக்கு மாமாவைப் பார்க்க வர்றீங்களான்னு. ஸ்கிரீன்ல பேர் இருக்கறவங்க வீட்டுக்குத்தான் போகும். அந்த வரியைப் போட்டுக் கொடுத்த முதல் சனிக்கிழமையே எனக்கு வரல. வரலைன்னதுமே எங்க தப்புன்னு புரிஞ்சுடுச்சு. லேப்டாப்பைத் திறந்தேன். சத்தியமா சரி பண்ணத்தான் திறந்தேன். அப்புறம், வாரம் பூரா ஆஃபீஸ், பசங்க, அடுப்படி, ஞாயித்துக்கிழமையும் ரெண்டு பஸ் மாறி வந்து, உங்க முன்னால உக்காந்து நானே பேசி நானே பதில் சொல்லி... இந்த ஒரு வாரம் போகட்டும்னு மூடி வச்சுட்டேன். அடுத்த வாரமும் அதேதான். வெளியூர்ல இருந்து உங்க பையன் ஃபோன்ல கேட்டப்போ, மெசேஜே வரலைங்க, அவருக்கு யாரும் வர்றது பிடிக்கல போலன்னேன்.

உங்களால யார்கிட்டயும் போய்ச் சொல்ல முடியாதுங்கற தைரியத்துலதான் இதை உங்ககிட்ட சொல்றேன். அதுவும் தப்புதான், தெரியுது.

வாங்க, வாங்க. இந்த நாற்காலியில உக்காருங்க. ஒண்ணும் இல்லீங்க, கம்ப்யூட்டர்ல நடந்த கோளாறைத்தான் மாமாகிட்ட சொல்லிக்கிட்டிருந்தேன்.