உருகும் உலோகத்துக்கு ஒரு எக்ஸ்ரே

கொடைக்கானலில் ஒரு எக்ஸ்ரே மையம். சுவரில் இருந்த விதிமுறைப் பலகையை வழக்கம்போல் நான் ஒருவன்தான் படித்தேன். முன்வரிசையில் கை வீங்கிய பூண்டிக்கார அம்மா. பக்கத்தில், அவர் மகளைத் தன் மகனுக்குப் பெண் கேட்டிருக்கும் வடகவுஞ்சிக்கார அம்மா.

"எம்மவ உலோகத்துக்கு எக்ஸ்ரே எடுக்குறா, மதினி."

"ஏன், அதுவும் வழுக்கி விழுந்துருச்சா?"

"உலோகப் பொடிய லேசர்ல உருக்கி மிஷின் பாகம் செய்றாங்க. உள்ள காத்துக்குமிழி தங்கிட்டா பின்னால அங்கதான் விரிசல் விடும். அது எப்படி வருதுன்னு உருகயிலேயே பாக்குறா."

"தெனம் அந்தக் கதிருல நின்னா புள்ள பொறக்குமா? அதான் எங்களுக்கு யோசனை."

"யாரும் நிக்க முடியாது மதினி. உள்ள ஆளில்லன்னு சுத்திப் பாத்து, கதவப் பூட்டுனாத்தான் கதிரே வரும். பூட்டுற பொறுப்பு எம்மவளுக்கு!"

பூண்டி அம்மாவை உள்ளே அழைத்தார்கள். ஊழியர் கதவைப் பாதி திறந்தபடியே விட்டுவிட்டுப் பொத்தானை நோக்கி நடந்தார். கதவு மூடியிருக்க வேண்டும் என்ற விதியைப் பலகையில் படித்தவன் நான். ஆனால் குரல் உள்ளிருந்து வந்தது.

"தம்பி, மொதல்ல கதவச் சாத்துங்க. வெளிய எஞ்சம்மந்தி உக்காந்திருக்காக."

வடகவுஞ்சி அம்மா மறுக்கவில்லை. சேலையைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.