பால் பல்

எனக்கு முழங்கால் வலி, உட்கார்ந்தே சொல்கிறேன். டீ வேண்டாம் இன்ஸ்பெக்டர், குடித்தால் தூக்கம் கெட்டுவிடும்.

அருங்காட்சியகத்தில் என் மேசைமேல் இருக்கும் புதைபடிவத் தாடை ஓர் அரிசி நீளம்தான். டைனோசர்களின் கால்மாட்டில் வண்டையும் பூச்சியையும் பிடித்துத் தின்று பிழைத்த, மூஞ்சூறு மாதிரி ஒரு பிராணி. இதுவரை யாரும் அறியாத இனம் என்று உலகத்துக்குச் சொன்னவன் நான்; பெயர் மட்டும் இன்னும் வைக்கவில்லை. ஊசியால் பாறையைச் சுரண்டிச் சுரண்டி அதை வெளியே எடுப்பதற்குள் கண் பாதி போய்விட்டது.

என் தங்கையின் கணவரும் அங்கேதான் வேலை பார்த்தார். நல்ல மனிதர். கை சும்மா இருக்காது. போன வாரம் தாடையை ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு வந்தார்.

"மச்சான், தப்பா எடுத்துக்காதீங்க. இந்தப் பல்லுக்கு அடியில இன்னொரு பல்லு முளைக்கக் காத்துட்டிருக்கு. இது பால் பல்லு. ஏற்கெனவே தெரிஞ்ச பிராணியோட குட்டிதான். புது இனமே கிடையாது."

"வேற யார்கிட்டயாவது சொன்னீங்களா மாப்பிள்ளை?"

"உங்ககிட்ட சொல்லாம வேற யார்கிட்ட போய்ச் சொல்வேன்?"

அந்த மரியாதை எனக்குப் பிடித்திருந்தது.

இன்னும் தாடைகள் கிடைக்குமா பார்ப்போம் என்று அவரைக் குவாரிக்கு அழைத்துப் போனேன். பாறை விளிம்புக்கு அடியில் குனிந்து தோண்டிக்கொண்டிருந்தார். மேலே தாங்கிய மரமுட்டு தானாகச் சரிந்ததா என்று கேட்டீர்கள். இல்லை, நான்தான் உருவினேன். நினைத்த அளவுக்குக் கனமில்லை.

மண் இறங்கி அவரை நெஞ்சுவரை மூடியது. முகம் வெளியேதான் இருந்தது. "மச்சான், மூச்சு முட்டுது. கைய குடுங்க" என்றார். மண்வெட்டி பக்கத்திலேயே கிடந்தது. எனக்கோ அசாத்தியக் களைப்பு. ஒரு கல்லில் உட்கார்ந்தேன். தங்கையைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அப்புறம் கூப்பிடவில்லை. ஒரு கடுஞ்சொல்கூட நான் பேசவில்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

தங்கையிடம் நானே போய்ச் சொன்னேன்.

"கடைசியா என்னண்ணா சொன்னாரு?"

"வலியே இல்லைன்னாரும்மா."

அழுதுகொண்டே எனக்குச் சாப்பாடு போட்டாள். அவள் மனம் நோகக் கூடாதென்று சாப்பிட்டேன்.

ஸ்கேன் படங்களை அழித்துவிட்டேன். புகழுக்கு ஆசைப்பட்டு அல்ல. அந்தப் பிராணிக்கு அவர் பெயரையே வைக்கச் சொல்லி எழுதி அனுப்பியிருக்கிறேன். எங்கள் துறையில் ஒரு மனிதனுக்கு அதைவிடப் பெரிய மரியாதை கிடையாது. இருந்திருந்தால், அவருக்கும் சந்தோஷமாகத்தான் இருந்திருக்கும்.