கப்பலில் குடிநீர் குறைந்த விதம்

டீயில் சர்க்கரை தூக்கலாக இருந்தால் சொல்லிவிடுங்கள், இன்ஸ்பெக்டர் சார். சந்தோஷம் வந்தால் என் மனைவி ஜான் பீக்குக் கை தாராளமாகிவிடும். மகள் அஸ்கரியின் நிக்காஹ் பிரியாணி வாசம் இன்னும் வீட்டை விட்டுப் போகவில்லை. பாப்பிரெட்டிப்பட்டியே வந்து சாப்பிட்டது.

அந்த நிக்காஹுக்குத்தான் கேப்டன் லீவு தரவில்லை. "நடுக்கடலில் உன்னை எங்கேய்யா இறக்குவது, தஸ்தகீர்?" என்றார். நியாயமான கேள்விதான். கப்பல் ஏதாவது துறைமுகத்துக்குத் திரும்பினால் இறங்கிக்கொள்ளலாம். அதற்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது.

கடல்நீரைக் காய்ச்சிக் குடிநீராக்கும் மெஷின் என் பொறுப்பு. உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டால், குளிக்கிற வெந்நீரைவிடக் கொஞ்சம் கூடுதலான சூட்டிலேயே தண்ணீர் கொதிக்கும். இன்ஜினில் வீணாகிற சூடே போதும். காற்று புகுந்தால் அந்தச் சூடு பத்தாது. ஆவி வராது, குடிநீரும் கிடையாது. அருமையான மெஷின், சார். நான் காற்று வால்வை மயிரிழை திறந்து வைத்தேன். எல்லோரும் மூடியின் ரப்பரைச் சந்தேகப்பட்டார்கள். நானே சிரத்தையாக மாற்றிக் கொடுத்தேன்.

தண்ணீரை அளந்து ஊற்றினார்கள். பிறகு டேங்கில் துருக் கலங்கல்தான் மிச்சம். அப்போது பார்த்து முனிராஜுக்கு வயிற்றுப்போக்கு. இண்டூர்ப் பையன், அவனுக்குக் கப்பல் வேலை வாங்கிக் கொடுத்ததே நான்தான். கேட்கும்போதெல்லாம் உப்பும் சர்க்கரையும் கலந்து தண்ணீர் கொடுக்கச் சொன்னார், ரேடியோவில் டாக்டர்.

"அண்ணே, நாக்கு ஒட்டிக்குதுங்க. இன்னும் ஒரு வாய் குடுங்கண்ணே" என்றான்.

கேப்டன் கப்பலைத் திருப்பினார். அந்த நேரம் பார்த்துத் தண்ணீர் வரத் தொடங்கினால் அவர் மனம் மாறிவிடக்கூடும். அதனால் வால்வை மூடவில்லை. துறைமுகம் கண்ணுக்குத் தெரிந்தபோது முனிராஜ் போய்விட்டான்.

உடலோடு ஊர்வரை ஒருவர் வர வேண்டுமே. தர்மபுரி ஜில்லாக்காரன் நான் ஒருவன்தான். இண்டூரில் அவன் அம்மா நஞ்சம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க கூட இருந்தீங்களே, அது போதுங்க" என்று அழுதார். நானும் அழுதேன். பிறகு குளித்துவிட்டு நிக்காஹ் பந்தலுக்கு வந்துவிட்டேன். மாப்பிள்ளை தங்கமான பையன்.

வால்வைத் திறந்தது நான். மூடாமல் விட்டதும் நான். எழுதிக்கொள்ளுங்கள். என் பங்குத் தண்ணீரில் பாதியை முனிராஜுக்குத்தான் ஊற்றினேன், அதையும் சேர்த்து எழுதுங்கள் சார். அந்தக் கப்பலில் வேறு யாரும் அவனுக்கு அவ்வளவு செய்யவில்லை.