வலப்பக்கக் கதவு

கார்க் கதவைத் திறந்தவன் அவன், மாஸ்டர். பின்னாலை ஒருக்காத் திரும்பிப் பாக்காமல் திறந்தவன். அதாலைதான் என்ரை பிள்ளை செத்தவள். இதிலை, பெட்டை ஏன் மோட்டச்சைக்கிளிலை திரிஞ்சவள் எண்ட கேள்வி எங்கையிருந்து வந்தது?

இருங்கோ, எழும்பாதேங்கோ. உந்தத் தேத்தண்ணியைக் குடியுங்கோ, சீனி போடேல்லை. உங்களோடை எனக்குக் கோவமில்லை. என்ரை குரல் உப்பிடித்தான், சுன்னாகம் சந்தையிலை வாழைக்குலைக்கு விலை பேசிப் பேசிக் கிழிஞ்ச தொண்டை. நதானியேல் மாஸ்டரை அளவெட்டியிலை ஒருத்தரும் படலையிலை வைச்சுத் திருப்பமாட்டினம் எண்டு தெரிஞ்சுதானே உங்களைப் பிடிச்சுத் தூது அனுப்பினவன். தான் வரேல்லை. ரவுணிலை லொட்ஜிலை ஏசியைப் போட்டுக்கொண்டு கிடக்கிறான்.

அவன் இவன் எண்டு கதைக்கிறன் எண்டு முகத்தைச் சுழிக்காதேங்கோ. கனடாவிலை ஆர் சேர் போட்டுக் கூப்பிட்டாலும் எனக்கு அவன் அவன்தான்.

சரி, கேட்டு அனுப்பினதுக்கு மறுமொழி சொல்லுறன், வடிவாக் கேட்டுக்கொண்டு போய்ச் சொல்லுங்கோ. ஆபத்தெண்டு தெரிஞ்சும் உந்தச் சனம் ஏன் மோட்டச்சைக்கிளிலை ஓடித்திரியுது எண்டு கேட்டவனாம். தெரியாமலோ ஓடுறம்? சந்திக்குச் சந்தி கண்ணீர் அஞ்சலி பனர் தொங்குது. முழுக்கப் பெடியள். முழுப்பேரும் கறுப்புக் கண்ணாடி போட்டு மோட்டச்சைக்கிளிலை சாய்ஞ்சு நிக்கிற படம். அந்தப் பனருக்குக் கீழாலைதான் நாங்களும் போறம் வாறம். நீங்களே இந்த வயசிலை, ஒரு கண்ணிலை வெள்ளை படர்ந்து கிடக்க, உந்தப் பழைய ஹொண்டாவிலை கடகடத்துக்கொண்டு வந்து இறங்கிறியள். உங்கடை வீட்டிலை பியாட்றிஸ் ரீச்சர் பேசேல்லையோ? பேசினவவோ? பேசிப்போட்டு ஞாயிற்றுக்கிழமை சேர்ச்சுக்குப் பின்னாலை ஏறிக் குந்திக்கொண்டு போறதும் அவதானே. பாத்தியளே, சிரிக்கிறியள்.

நான் எப்பிடி ஓட வெளிக்கிட்டனான் எண்டு தெரியுமோ உங்களுக்கு? என்ரை மனிசன் செத்துப்போகேக்கை கௌரி கைப்பிள்ளை. என்ரை தாயோடை பிள்ளையை விட்டிட்டு நான் பஸ்ஸிலை தோட்டம் தோட்டமாப் போய்க் குலை பேசினனான். தோட்டக்காரனுக்குத் தெரியும், இவளுக்கு அடுத்த பஸ் பின்னேரந்தான், அதுவரைக்கும் இவள் உதிலை வரம்பிலை நிக்கத்தான் வேணும் எண்டு. பேந்தென்ன, அவன் சொன்னதுதான் விலை. பல்லைக் கடிச்சுக்கொண்டு வேண்டிக்கொண்டு வருவன். பேந்து காதிலை கிடந்ததைக் கழட்டி ஒரு பழைய மோட்டச்சைக்கிள் வேண்டினனான். ஊர் சிரிச்சது. பொம்பிளை காலை அகட்டிக்கொண்டு போறாளாம். சிரியுங்கோடா எண்டு விட்டிட்டன். அதுக்குப் பிறகு விலை ஒத்துவரேல்லையோ, நான் வாய் திறக்கிறேல்லை. போய் ஸ்டார்ட்டுக்கு ஒரு உதை. இந்தா போறாள் எண்டு கண்ட உடனை தோட்டக்காரன் மண்வெட்டியைப் போட்டிட்டு ஓடி வருவான், தங்கச்சி நில் தங்கச்சி நில் எண்டு. எழும்பிப் போகக்கூடியவளுக்குத்தான், மாஸ்டர், விலை. பஸ்ஸுக்குக் காவல் நிக்கிறவளுக்கு ஆர் மரியாதை குடுக்கிறான்?

அதைப் பாத்து வளந்தவள் அவள். மருத்துவமாது வேலை கிடைச்சு, கொண்டுபோய் உடுப்பிட்டிப் பக்கம் போட்டாங்கள். பிள்ளைத்தாச்சியளை வீடு வீடாப் போய்ப் பாக்கிற வேலை. வயித்திலை கிடக்கிற பிள்ளை பஸ் வாற நேரம் பாத்தோ புரளும்? ஒருக்கா ஒரு பெட்டைக்குக் காலெல்லாம் வீங்கி, தலையிடி, கண் மங்கல். புருசன் வெளிநாட்டிலை. இவள் கேள்விப்பட்ட உடனை மழைக்குள்ளை ஒழுங்கை ஒழுங்கையா விட்டுப் போய்ப் பிறசர் பாத்து, பெரியாஸ்பத்திரிக்கு ஏத்திவிட்டு, தாயும் தப்பிப் பிள்ளையும் தப்பினது. அந்தப் பெட்டைக்கு ஜெனிஸ் எண்டு பேர். செத்தவீட்டுக்கு அந்தக் குழந்தையோடை வந்து, என்ரை மடியிலை கிடத்திப்போட்டுக் குழறினாள், கண்டனியள்தானே. அந்தக் குழந்தைக்குப் போய்ச் சொல்லட்டும் அவன், கௌரி அன்ரி மோட்டச்சைக்கிள் ஓடினது பிழை எண்டு.

வேலைக்காக மட்டுந்தான் ஓடினவள் எண்டு நான் பொய் சொல்லமாட்டன். அவளுக்கு அதிலை ஆசை. வல்லை வெளி தெரியுந்தானே, ரண்டு பக்கமும் வெட்டை, வீடில்லை, மரமில்லை, காத்து ஆளைத் தூக்கும். அம்மா, அந்த வெளியிலை மட்டுந்தான் ஒருத்தரும் என்னட்டைக் கலியாணம் எப்ப எண்டு கேக்கிறேல்லை எண்டு சொல்லுவாள். அதிலை வரேக்கை ஹெல்மெட்டுக்குள்ளை பெரிசாப் பாடுவாளாம். கழுதைக் குரல், மாஸ்டர். எங்கடை ஊர் நாதஸ்வரக்காரர் கேட்டால் வாத்தியத்தைப் போட்டிட்டு ஓடுவினம். ஆனா மனிசருக்குத் தங்கடை பாட்டிலை கத்த ஒரு இடம் வேணுந்தானே. வீட்டிலை நான் கத்துவன், வேலையிலை பெரிய மிஸ் கத்துவா, ஒழுங்கையிலை சனம் வாயைக் கிளறி விடுப்புக் கேக்கும். அந்த வெளி மட்டுந்தான் அவளுக்கு.

பயமோ? எனக்குப் பயந்தான். பின்னேரத்திலை படலைச் சத்தம் கேக்கிறவரைக்கும் அடுப்படியிலை என்ரை கை ஒரு வேலை செய்யாது. எண்டாலும் மறிக்கேல்லை. மறிச்சிருந்தால் இண்டைக்கு இருந்திருப்பாள் எண்டு சொல்லப் போறியள். ஓம், இருந்திருப்பாள். பஸ் வருமோ வராதோ எண்டு மணிக்கூட்டைப் பாத்துக்கொண்டு, முகம் செத்துப்போய் இருந்திருப்பாள். அப்பிடியெண்டாலும் இருந்திருக்கட்டும் எண்டுதான் எனக்கு இப்ப கிடக்கு. அது என்ரை பாடு. அதைச் சொல்லுறதுக்கு அவன் ஆர்?

பொலிசிலை என்ன சொல்லிப்போட்டான்? பெட்டை வேகமா வந்தவளாம். இப்ப ஊர் முழுக்க அதுதான் கதை. பெட்டை பறந்து வந்தவளாம், பாவம் கனடாக்காரர், கதவு திறக்க நேரம் குடுக்கேல்லையாம். புன்னாலைக்கட்டுவன் சந்திக்குக் கிட்ட, பழக்கடையடியிலை, சனமும் மாடும் நிக்கிற இடத்திலை ஆரப்பா பறக்கிறது? மெல்ல வந்தவள் எண்டு பழக்கடைக்காரி சொல்லுறா. அவ சொன்னால் ஆர் எடுக்கிறான்? கோட்டுப் போட்ட மனிசன் சொன்னதைத்தான் எழுதுவாங்கள். செத்த பிள்ளை எழும்பி வந்து, இல்லை ஐயா நான் மெல்லத்தான் வந்தனான் எண்டு சொல்லுமோ?

என்ன நடந்தது எண்டு கார் ஓடின பெடியன் என்னட்டை நேரிலை வந்து சொல்லிப்போட்டான். ஜெரோசன். நல்ல பெடியன். அவன் றைவர் சீற்றிலை, இவன் அவனுக்கு நேர பின்னாலை. இளநி குடிக்க நிப்பாட்டச் சொன்னவனாம். நிப்பாட்டின கையோடை வலப்பக்கக் கதவைத் தள்ளித் திறந்தவன். ஐயோ அந்தப் பக்கமில்லை எண்டு பெடியன் வாய் திறக்க முதல் திறந்தாச்சு. அங்கை கனடாவிலை அவையளுக்கு வாகனம் மற்றப் பக்கத்தாலை ஓடுறது. வலப்பக்கத்தாலை இறங்கினால் நடைபாதை. இஞ்சை வலப்பக்கத்தாலை இறங்கினால் நடு றோட்டு. கதவு அடிச்சு அவள் போய் விழுந்தது எதிர்ப்பக்கம். வந்த லொறிக்காரன் என்ன செய்வான், பாவி.

நான் விசரியில்லை மாஸ்டர். வேணுமெண்டு செய்தவன் எண்டு நான் ஒருநாளும் சொல்லேல்லை. இத்தனை வருசம் பழகின கை, தன்ரை பாட்டிலை திறந்துபோட்டுது. அவ்வளவுதானே நடந்தது? அதை வாய் திறந்து சொல்ல அவனுக்கு ஏலாமல் கிடக்கு. கையைக் குறை சொல்லேலாமல் மோட்டச்சைக்கிளைக் குறை சொல்லுறான். ஏனெண்டும் எனக்கு விளங்குது. பிழை அவளிலை எண்டால்தான் அவனுக்கு ஒரு கண் நித்திரை வரும். வரட்டும், நித்திரை கொள்ளட்டும். அதுக்கு என்ரை பிள்ளையின்ரை பேரோ தலகாணி?

என்ன? என்ன கட்டித் தாறானாம்? திருப்பிச் சொல்லுங்கோ.

பஸ் தரிப்பிடமோ? கௌரியின்ரை பேரிலையோ?

மாஸ்டர், நீங்கள் எத்தினை பிள்ளையளுக்குப் படிப்பிச்ச மனிசன். உதைக் கேட்டுக்கொண்டு வந்து என்ரை முகத்தைப் பாத்துச் சொல்ல உங்களுக்கு எப்பிடி வாய் வந்தது? மாபிள் பதிச்சு, படம் வைச்சு, கீழை தன்ரை பேரும் போடுவானாக்கும். ஒருநாளும் பஸ்ஸுக்கு நிக்காத பிள்ளையைக் கொண்டுபோய்க் காலம் முழுக்க பஸ்ஸுக்கு நிப்பாட்டப் போறானோ? அதிலை குந்தியிருக்கிற சனம் என்ன கதைக்கும்? ஓமப்பா, இந்தப் பெட்டையும் பஸ்ஸிலை போயிருந்தால் தப்பியிருக்கும் எண்டுதானே கதைக்கும்? பொலிசிலை சொன்ன பொய்யைச் சீமெந்திலை கட்டி விடப்பாக்கிறான். ஒரு கல்லு வைக்கட்டும், நான் போய் அலவாங்காலை கிண்டி எறிவன். சொல்லுங்கோ அப்பிடியே.

இல்லை. நான் சத்தம் போடேல்லை. இந்தா, விட்டிட்டன்.

செத்தவீட்டண்டு வந்தவன், தெரியுமோ? நான் கண்டனான். படலைக்கு வெளியிலை மதிலோடை நிண்டவன். பறை அடிக்கேக்கை ரண்டு காதையும் பொத்திக்கொண்டு. நான் குழறிற குழறலுக்குள்ளையும் ஒரு கண்ணாலை அங்கைதான் பாத்துக்கொண்டிருந்தனான், இப்ப வருவான் இப்ப வருவான் எண்டு. அவளைத் தூக்கிக்கொண்டு வெளிக்கிடேக்கை பாத்தால், மதிலடியிலை ஆளைக் காணேல்லை.

போகப்போறியளோ? ஓம், வெயில் ஏற முதல் போங்கோ. ஒண்டு சொல்லிவிடுறன்.

அண்டைக்குக் காலமை வெளிக்கிடேக்கை கௌரி, அம்மா இண்டைக்கு அரிசி கூடப் போடுங்கோ, மத்தியானம் ஒரு ஆள் வரும் எண்டவள். ஆரடி எண்டு கேட்டன். சிரிச்சுப்போட்டுப் போட்டாள். நான் ஆரோ பெடியனைப் பிடிச்சிட்டாள் எண்டு நினைச்சு, கணவாய் மீனும் வேண்டிக் கறி வைச்சனான். வர இருந்த ஆள் அவன்தான், மாஸ்டர். எனக்குச் சொல்லாமல் திடீரெண்டு வந்து முன்னாலை நிக்கவேணும் எண்டு அவையள் ரண்டு பேரும் ரெலிபோனிலை கதைச்சு வைச்ச விளையாட்டு அது. அதுக்குத்தான் அவள் அரைநாள் லீவு போட்டிட்டு வந்தவள். முன்னாலை நிக்கிற கார் அவன் வந்த கார்தான் எண்டு அவளுக்குத் தெரியாது. றோட்டிலை கிடந்தவளின்ரை ஹெல்மெட்டைக் கழட்டுமட்டும் அவனுக்கும் தெரியாது.

ஓம், அவன் எனக்கு ஆர் எண்டு உங்களுக்குத் தெரியும், ஊருக்கும் தெரியும். நான்தான் அதுக்குப் பிறகு வாயாலை சொல்லேல்லை. வெள்ளிக்கிழமை கீரிமலையிலை பிள்ளைக்கு அந்தியேட்டி, முப்பத்தோராம் நாள் கிரியை. தாய்மாமன் நிக்கவேண்டிய இடத்திலை வேறை ஒருத்தரையும் நான் நிக்க விடமாட்டன். அக்கா வரச் சொன்னவ எண்டு சொல்லுங்கோ. வந்து சனத்துக்கு முன்னாலை, நான் பாக்காமல் திறந்தனான், பிள்ளையிலை ஒரு பிழையும் இல்லை எண்டு சொல்லட்டும். பிறகு பொலிசுக்குப் போய் அதையே சொல்லட்டும். அதுக்குப் பிறகு என்ரை தோளிலை விழுந்து எவ்வளவு வேணுமெண்டாலும் அழட்டும், நானும் அழுவன், நாங்கள் ரண்டு பேரும் இன்னும் சேர்ந்து அழேல்லை. ஆனா முதல் சொல்லவேணும். சொல்லிப்போட்டு வரச்சொல்லுங்கோ மாஸ்டர், என்ரை தம்பியை.