மெதுவாக வாழ அவசரப்பட்ட குடும்பம்

விழாவுக்குத் தலைமை தாங்கும் ஊர்த்தலைவர் கு மான்சிக் அவர்களே, பாசி அறுத்த ஈரம் காயும் முன்பே படகுத்துறையிலிருந்து நேராக வந்து முன்வரிசையை நிறைத்திருக்கும் பெரியோர்களே, விடிந்ததிலிருந்து சிப்பிக் கஞ்சி கிண்டித் தோள் வலித்தாலும் முகம் சுளிக்காத தாய்மார்களே, யோன்சோ தீவின் கிளைப்பள்ளி மாணவர்களே (நால்வர்தான் என்பதால் பெயர் சொல்லியே அழைக்கலாம், வெட்கப்படுவார்கள் என்று விடுகிறேன்), மெதுவாக நடப்பதற்காக முதல் படகில் முண்டியடித்து ஏறி வந்திருக்கும் வெளியூர் விருந்தினர்களே, உங்கள் அனைவருக்கும் நாரேவின் அம்மா பாங் ஹேரினின் பணிவான வணக்கம்.

மென்னடைத் திருவிழாவின் முதல் நாளில் எனக்குப் பத்து நிமிடம் தந்திருக்கிறார்கள். தலைப்பும் தந்திருக்கிறார்கள். குடும்பத்தோடு ஊர் சுற்றுவது, அதைப் படம் பிடித்து இணையத்தில் போடுவது, இரண்டுக்கும் நடுவே நிதானமாக வாழ்வது எப்படி? எழுதி வந்த தாள் பையில் இருக்கிறது. அது அழகான தாள். அதை எடுக்கப் போவதில்லை.

என் கணவர் தாக் கியு அதோ கடுகுப்பூ வயல் ஓரமாக நிற்கிறார். இன்று கேமரா கொண்டு வரவில்லை. கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நிற்கிறார்.

விருந்தினர்களுக்காகச் சொல்கிறேன். நாங்கள் சியோலிலிருந்து வந்தவர்கள். ஒரு மாதம் தங்கிப் பார்க்கலாம் என்று வந்து மூன்று ஆண்டு ஆகிறது. ‘நிதான வீடு’ என்று ஒரு சேனல் நடத்துகிறோம். அவர் படம் எடுப்பார். நான் வெட்டி ஒட்டுவேன். திரையில் தெரிவது பெரும்பாலும் எங்கள் மகள் நாரே. வயது எட்டு. இரண்டு லட்சம் பேர் அவள் சாப்பிடுவதைப் பார்த்திருக்கிறார்கள். அவள் தூங்குவதையும் பார்த்திருக்கிறார்கள்.

அந்த வீடியோக்களில் என்ன தெரியும்? ஒரு பெண் (நான்தான்) மெல்லக் கண் விழிக்கிறாள். மெல்ல ஜன்னலைத் திறக்கிறாள். மெல்லப் பார்லித் தேநீர் ஊற்றுகிறாள். என்ன தெரியாது? அந்தப் பெண் முன்பே எழுந்து, கேமராவைப் பொருத்தி வைத்து, தலையைச் சீவி, பிறகு அதைக் கலைத்து, மறுபடி படுத்துக் கண் விழிக்கிறாள் என்பது தெரியாது. வியாழக்கிழமை மாலை ஆறு மணிக்குள் அது இணையத்தில் ஏற வேண்டும் என்று அவள் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருப்பது தெரியாது.

என்ன கேட்டீர்கள், யோம் மாமா? “தேநீர் ஆறிப்போயிருக்குமே” என்றா? ஆறித்தான் போகும். ஆவி பறக்க வேண்டுமே என்று மூன்று முறை சூடாக்கினோம். கடைசியில் யாரும் குடிக்கவில்லை.

நிதானத்துக்கு இத்தனை ஓட்டமா? அமைதிக்கு இத்தனை அதட்டலா? ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருப்பதைக் காட்ட ஒரு குடும்பம் ஓயாமல் உழைக்க வேண்டுமா? மூன்று ஆண்டுகளாக என்னை நானே கேட்டுக்கொள்ளாமல் தப்பித்துவந்த கேள்விகள் இவை.

பயணத்துக்கு வருகிறேன். மாதம் ஒரு பயணம். கிழக்குக் கடற்கரை, ஜிரி மலை அடிவாரம், தெற்கே ஆற்றங்கரைகள். எந்தப் படகிலிருந்தும் நாங்கள் ஒரே தடவை இறங்கியதில்லை. முதல் தடவை இறங்குவது, கியு கேமராவோடு முன்னால் போய் நிற்பதற்காக. இரண்டாம் தடவை இறங்குவது, இறங்குவதற்காக. படகுக்காரர்கள் முறைப்பார்கள். நாரே முறைத்ததே இல்லை. திரும்ப ஏறி, திரும்ப இறங்கி, முதல் தடவை பார்ப்பதுபோல மலையைப் பார்ப்பாள். நல்ல பிள்ளை என்று நான் பெருமைப்பட்டேன்.

போன அக்டோபரில் அவளுக்கு எட்டு வயது நிறைந்தது. பிறந்தநாள் வீடியோ பிறந்தநாளன்றே வர வேண்டாமா? எனவே நான்கு நாள் முன்னதாகவே, ஜிரி மலையில் ஒரு வாடகை வீட்டில், பிறந்தநாள் வழக்கப்படி கடற்பாசி சூப் வைத்து, மெழுகுவத்தி ஏற்றிக் கொண்டாடிவிட்டோம். ஊதியது படத்தில் சரியாக விழவில்லை. இன்னொரு முறை ஊதினாள். சரியான நாள் வந்தபோது நானும் கியுவும் கணினி முன்னால் இருந்தோம். “அந்த நிழலை வெட்டு.” “வெட்டுனா கை போயிடும்ங்க.” “கை போனா போகட்டும்.” இப்படி.

நாரே வந்து நின்றாள்.

“அம்மா, இன்னிக்குத் தேதி பதினேழா?”

“ஆமா. கொஞ்சம் இரு.”

“எனக்கு இன்னிக்குத்தான் எட்டு ஆகுதா, இல்ல ஞாயித்துக்கிழமையே ஆயிடுச்சா?”

சிரிக்கிறீர்கள். நாங்களும் சிரித்தோம். சிரித்துவிட்டு அவளுக்குப் பாக்கெட் நூடுல்ஸ் போட்டுக் கொடுத்தோம். பிறந்தநாளில் சூப் இல்லாமல் விட்ட தாயை இந்தத் தீவில் எந்த வீட்டிலாவது பார்த்திருக்கிறீர்களா? இதோ மேடையில் நிற்கிறாள், பாருங்கள்.

இனி பள்ளி. இங்கே சிரிப்பு நின்றுவிடும்.

உள்ளூர்க்காரர்களுக்குத் தெரிந்த கணக்கு. நம் பள்ளியில் நான்கு பிள்ளைகள். மூத்தவள் யேவோன் வரும் பிப்ரவரியில் ஆறாம் வகுப்பை முடிக்கிறாள். புதுப் பள்ளி ஆண்டு தொடங்கும் மார்ச்சில் மூவர் என்றால் பள்ளியை மூடிவிடுவோம் என்று கல்வித்துறையிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. மிஞ்சும் பிள்ளைகள் தினமும் படகேறிப் பெருநிலத்துக்குப் போக வேண்டும். அதனால்தான் நம் தலைவர் போன மாதம் என் வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்று கேட்டார்: “நாரே அம்மா, உங்க வீடியோவப் பாத்து ஒரு குடும்பம் வந்தாப் போதும். ஒரே ஒரு குடும்பம்.” சரி என்றேன். அப்படித்தான் எனக்குப் பின்னால் இருக்கும் இந்தப் பதாகையில் நாரே பல் தெரியச் சிரிக்கிறாள்.

ஆனால் ஒரு குடும்பம் முன்பே வந்ததே. எங்கள் வீடியோவைப் பார்த்துத்தானே வந்தது. மறந்துவிட்டோமா?

டான்பியின் குடும்பம். டான்பி நாரே வகுப்பு. இருவரும் ஒரே குடைக்குள் பள்ளிக்குப் போவார்கள், மழை இல்லாவிட்டாலும். ஒரு குளிர்காலம் முழுதாக முடியவில்லை. போன பிப்ரவரி கடைசியில் மூட்டை கட்டிவிட்டார்கள். படகுத்துறையில் டான்பியின் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்:

“ஹேரின் அக்கா, கோவிச்சுக்காதீங்க. உங்க வீடியோவுல காத்தே அடிக்காதுக்கா.”

உண்மை. ஒலி கெட்டுவிடும் என்று காற்றில்லாத நாளில்தான் எடுப்போம். ஆண்டுக்கு எத்தனை நாள் இங்கே காற்று இல்லை, சொல்லுங்கள். ஆறு நாள் படகு வராமல் அரிசியும் கிம்ச்சி ஊறுகாயுமாய் ஓட்டிய வாரத்தை நான் போட்டேனா? ஜன்னல் நடுங்குவதைப் போட்டேனா? காற்றே இல்லாத ஒரு தீவை நான் விற்றேன். நம்பி வந்தவர்கள் காற்றைப் பார்த்ததும் போய்விட்டார்கள். ஐந்து நான்கானது என்னால்.

படகு கிளம்பியது. நாரே அழுதாள். நான் அதுவரை கேட்டிராத அழுகை. மூச்சு திக்கி, தோள் குலுங்கி, துறையின் விளிம்புவரை ஓடினாள். கியு பிடித்து நிறுத்தினார். படகு முனையைத் தாண்டி மறைந்தது. அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அப்பாவை நிமிர்ந்து பார்த்தாள். சாதாரணக் குரலில் கேட்டாள்:

“அப்பா, சரியா விழுந்துச்சா? இல்ல, மறுபடி அழணுமா?”

கியுவின் இரண்டு கைகளும் கோட்டுப் பைக்குள் இருந்தன. அன்று நாங்கள் படமே எடுக்கவில்லை.

பெரியோர்களே, அதற்குப் பிறகு என்னால் ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. நடந்தேன். இந்தத் தீவின் மெதுவாக நடக்கும் பாதை முழுவதும் வேகமாக நடந்தேன். ஒரு பிள்ளையின் துக்கத்துக்கு முதல் தடவை, இரண்டாம் தடவை என்று உண்டா? அவள் அழுததில் எவ்வளவு டான்பிக்காக, எவ்வளவு எங்களுக்காக? அவளுக்குத் தெரியுமா? எனக்குத் தெரியவில்லை. இனிமேலும் தெரியப்போவதில்லை என்பதுதான் என்னை நிற்கவிடாமல் துரத்துகிறது.

எனவே சொல்லிவிடுகிறேன். நாரேவின் முகம் தெரியும் நூற்று அறுபது வீடியோக்களை இன்று காலை நீக்கிவிட்டோம். திரும்ப எடுக்க முடியாதபடி நீக்கிவிட்டோம். இந்தப் பதாகையும் மாலைக்குள் இறங்க வேண்டும்.

தலைவர் பேசுகிறார். மைக்கில் விழவில்லை, நானே சொல்கிறேன். “இத நேத்தே சொல்லியிருக்கலாம்ல, நாரே அம்மா? பேனரு அடிச்சு, கட்டி, எல்லாம் ஆச்சு” என்கிறார். நேற்று சொல்லியிருந்தால் நீங்கள் பேசியே என் மனதை மாற்றியிருப்பீர்கள், தலைவரே. உங்களுக்கு அந்தத் திறமை உண்டு. ஊருக்கே தெரியும்.

கஞ்சிப் பந்தலிலிருந்து மிஓக் அக்கா எழுந்து நிற்கிறார். கரண்டியோடு நிற்கிறார். பேசுங்கள், அக்கா.

“உம் புள்ளை மூஞ்சிய நீ மறைச்சுக்கோ, வேணாங்கல. எம் புள்ளைக்கு ஏழு வயசு. பள்ளிக்கூடம் மூடுனா அலை அடிக்கிற நாள்ல அவ தனியா படகேறணுமா? அதுக்கு என்ன பதில் வச்சிருக்க?”

கேட்டீர்களா? இந்த மேடையில் இன்று கேட்க வேண்டிய ஒரே கேள்வி அதுதான். முழு பதில் என்னிடம் இல்லை. இருப்பதைச் சொல்கிறேன்.

சேனல் இருக்கும். அதுதான் எங்கள் பிழைப்பு. இனி அதில் காற்று அடிக்கும். வராத படகு வரும். என் முகமும் கியுவின் கையும் வரும். வாரத்தில் மூன்று நாள்தான் வேலை. வியாழன் மாலை ஆறு மணி தவறினால் தவறட்டும். பயணம் போகும்போது கேமரா வீட்டில் கிடக்கும். படகிலிருந்து ஒரு தடவைதான் இறங்குவோம்.

விருந்தினர்களே, உங்களில் பிள்ளைகளோடு வந்தவர்கள் இருக்கிறீர்கள். பூவைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஜனவரியில் வாருங்கள். பள்ளிக்குப் பின்னால் ஆசிரியர் குடியிருப்பு ஒன்று காலியாக இருக்கிறது. அதை நானும் கியுவும் துடைத்துச் சூடேற்றி வைக்கிறோம். பத்து நாள் தங்குங்கள். நம் தீவின் மோசமான பத்து நாள். அதற்குப் பிறகும் பிடித்திருந்தால் குடியேறி உங்கள் பிள்ளையை நம் பள்ளியில் சேர்த்துவிடுங்கள். பிடிக்காவிட்டால் துறைவரை மூட்டை தூக்கி வருகிறேன், ஒரு சொல் சொல்ல மாட்டேன்.

யாரும் வராமலும் போகலாம். அக்கா, அதையும் ஒப்புக்கொள்கிறேன். அப்படியானால் மார்ச்சில், முதல் நாளிலிருந்து, மூன்று பிள்ளைகளோடு அந்தப் படகில் நான் ஏறுவேன். காலையில் போவேன். பள்ளி விடும்வரை அந்தக் கரையில் காத்திருப்பேன். மாலையில் கூட்டி வருவேன். அலை அடிக்கும் நாளிலும் உங்கள் மகளின் கை என் கையில் இருக்கும். தினமும். யேவோனின் தம்பிக்கும் என் மகளுக்கும் எப்படியோ அப்படியே உங்கள் மகளுக்கும். இதை உங்கள் வீட்டுக்கு வந்து சுருக்கமாகச் சொல்லியிருக்கலாம். இவ்வளவு பேர் முன்னால் சொல்வது, பிறகு நான் மாற்றிப் பேச முடியாமல் போக வேண்டும் என்பதற்காகத்தான்.

மிஓக் அக்கா கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். உட்காரவில்லை. அது போதும் எனக்கு.

பத்து நிமிடம் தாண்டியும் என்னைப் பொறுத்துக்கொண்ட தலைமைக்கும், கஞ்சி ஆறுவதைப் பார்த்துக்கொண்டே கேட்ட தாய்மார்களுக்கும், முதல் படகின் விருந்தினர்களுக்கும் என் நன்றி. ஜனவரியில் துறையில் நிற்பேன். வணங்கி விடைபெறுகிறேன்.