நான்காவது புட்டி யாரிடம்?

வங்கியில் முப்பத்தைந்து ஆண்டுகள் பிறர் பணத்தைப் பூட்டிக் காத்து, அந்தப் பழக்கத்தில் தம் புன்னகையையும் பூட்டி வைத்துவிட்ட எங்கள் குடியிருப்போர் சங்கத்தின் பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே! தொட்டி நிரம்பும் ஓசை கேட்டால் சோற்றுத் தட்டை விட்டு எழுந்து மோட்டாரை நிறுத்த ஓடும் செயலாளர் அவர்களே! மாதக் கடைசி என்னும் மலையை மாதந்தோறும் ஏறி இறங்கியும் மூச்சு வாங்காத தாய்மார்களே! முழங்கால் வலியை மறைத்து முன்வரிசையில் முறுவலோடு அமர்ந்திருக்கும் மூத்தோர்களே! பேச்சு முடிந்தால் தேநீர் வரும் என்ற பெருநம்பிக்கையில் பின்வரிசையில் நிற்கும் பெரியோர்களே! வாசல் கம்பியில் கட்டப்பட்டு, ஒலிபெருக்கி இல்லாமலே என்னைவிட நன்றாக முழங்கிக்கொண்டிருக்கும் நாலுகால் நண்பர்களே! உங்கள் அனைவருக்கும் சேர்த்து ஒரே ஒரு வணக்கம். தனித்தனியாகச் சொன்னால் எனக்குக் கட்டுப்படியாகாது. சண்டை போடாமல் பகிர்ந்துகொள்ளுங்கள்.

எனக்குத் தரப்பட்ட தலைப்பு, 'செல்லப் பிராணியும் சிக்கன இல்லமும்'. பேசி முடித்ததும் 'சிக்கனச் செம்மல்' என்ற பட்டமும் ஒரு சுவர்க் கடிகாரமும் தருவதாகச் செயலாளர் சொல்லியிருக்கிறார். பட்டம் வேண்டாம் ஐயா. கடிகாரமும் வேண்டாம். நான் பரிசு வாங்க வரவில்லை; ஒரு புட்டியைத் தேடி வந்திருக்கிறேன்.

கட்டைவிரல் உயரம். வெள்ளை மூடி. பழைய கண்மருந்துப் புட்டி. உள்ளே எண்ணெய் போல ஒரு மருந்து, அரை ஸ்பூன்கூட இருக்காது. இந்த அரங்கில் இருக்கும் யாரோ ஒருவரிடம் அது இருக்கிறது. அதைப் பூனையின் மேல் போட்டால் பூனை செத்துப் போகும். வளர்த்தவர் கையால், பாசத்தோடு, பக்குவமாகப் போட்டாலும், அது துடித்துச் சாகும். அந்தப் புட்டி கைக்கு வராமல் இந்த மேடையை விட்டு நான் இறங்குவதாக இல்லை.

யாரிடம் இருக்கிறது? சொல்லுங்கள்.

பார்த்தீர்களா, ஒரு கைகூட உயரவில்லை. எனக்குத் தெரியும். இலவசமாக எடுத்தேன் என்று இத்தனை பேர் முன்னால் எழுந்து நிற்க எந்தக் கௌரவமான மனிதருக்குத்தான் மனம் வரும்? ஆகவே ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். முதலில் என் மானத்தை உங்கள் முன்னால் முழுதாகக் கப்பலேற்றிவிடுகிறேன். அதற்குப் பிறகு யாருக்கும் கூச்சம் இருக்காது.

நான் யார்? ஓர் அச்சகத்தில் இருபத்திரண்டு ஆண்டுகளாக ஸ்டோர் கீப்பர். மை டின் வரும், காகிதக் கட்டு வரும், பசை பீப்பாய் வரும். மொத்தமாக வாங்கு, பிரித்துக் கொடு: இதுவே என் வேலை, இதுவே என் வேதம், இதுவே என் வீட்டாருக்கு வந்த வினை. அச்சகத்தில் உள்ளே என்ன இருக்கிறது என்று சீட்டு ஒட்டாமல் ஒரு டப்பாவை நகர்த்தினால் கையெழுத்துப் போட மாட்டேன். ஆனால் வீட்டில்? வீட்டில் சீட்டு ஒட்டுவது வீண் செலவு!

எங்கள் வீட்டில் சோப்புக்குச் சாவு கிடையாது. பழையது தேய்ந்ததும் அதன் முதுகில் புதியதை ஒட்டுவேன். ஐந்து நிறம், ஆறு வாசனை. ஒருமுறை விருந்தாளியாக வந்த என் மைத்துனர் குளித்துவிட்டு வந்து பணிவாகக் கேட்டார், "அத்தான், கோவிச்சுக்காதீங்க, அது சோப்பா, ஆத்துல பொறுக்கின கல்லா?" நான் என்ன சொன்னேன் தெரியுமா? "நுரை வந்துச்சா இல்லையா?" என்றேன். "வந்துச்சு அத்தான், என் கண்ணுலதான் வந்துச்சு" என்றார். அடுத்த முறை சொந்தச் சோப்போடு வந்தார். எனக்கு அதிலும் மிச்சம்தான்.

இப்படிப்பட்ட வீட்டுக்கு ஒரு பூனை வந்து சேர்ந்தது. என் துணைவியார் மழையில் கண்டெடுத்து மடியில் வைத்து வளர்த்த பூனை. அதற்கு 'அதிகாரி' என்று பெயர். பத்து மணிக்குத்தான் எழும், நம் கோரிக்கை எதையும் கண்டுகொள்ளாது, எந்தக் காகிதத்தைப் படிக்க எடுத்தாலும் அதன்மேல் வந்து உட்கார்ந்துகொள்ளும். வேறு என்ன பெயர் வைப்பது?

கிலோவுக்கு எவ்வளவு என்று கணக்குப் பார்த்து, மலிவான தீனியாக ஒரு பெரிய மூட்டை வாங்கி, தோளில் சுமந்து நான்கு மாடி ஏறினேன். அதிகாரி வந்தது, முகர்ந்தது. பிறகு முன்னங்காலால் தட்டைச் சுற்றித் தரையைப் பிராண்டிப் பிராண்டி மண் தள்ளுவது போல அதை மூடப் பார்த்தது. பூனை எதை மண் தள்ளி மூடும் என்று உங்களுக்கே தெரியும். அந்த மூட்டையை எட்டு மாதம் எறும்புகள் சாப்பிட்டன. எறும்புகளுக்குக்கூட அது பிடித்த மாதிரி தெரியவில்லை, கடமைக்காகச் சாப்பிட்டன. நகம் வெட்டக் காசு எதற்கு என்று நானே வெட்டப் போய், ஊசி போட்டுக்கொண்டது யார்? பூனையா? என்னம்மா சிரிக்கிறீர்கள்? தழும்பு இன்னும் இருக்கிறது, வேண்டுமானால் பார்த்துக்கொள்ளுங்கள்.

தலைவர் மணியடிக்கிறார். நேரம் ஆகிவிட்டதாம். ஐயா, எத்தனையோ பேருக்குக் கடன் கொடுத்தவர் நீங்கள், எனக்கு ஐந்து நிமிடம் கொடுங்கள். ஓர் உயிர் விஷயம்.

அதிகாரிக்கு உண்ணி வந்தது. கழுத்தில் சொட்டு விடும் மருந்து வாங்கக் கடைக்குப் போனேன். பூனைக்கான குழாய், சுண்டுவிரல் நகமளவு. பக்கத்திலேயே பெரிய நாய்க்கான குழாய். விலையில் வித்தியாசம் கொஞ்சம்தான். மருந்தோ பல மடங்கு! என் ஸ்டோர் கீப்பர் மூளை துள்ளிக் குதித்தது. உண்ணி நாய்மேல் இருந்தால் என்ன, பூனைமேல் இருந்தால் என்ன, உண்ணி உண்ணிதானே? பெரிய குழாயை வாங்கினேன். சமையலறை மேசையில் நான்கு பழைய கண்மருந்துப் புட்டிகளை வரிசையாக நிறுத்திச் சொட்டுச் சொட்டாகப் பிரித்தேன். சீட்டு ஒட்டினேனா? இல்லை.

ஒன்று, மூன்றாம் மாடி எலக்ட்ரீஷியன் தம்பியின் நாய்க்கு. ஒன்று, தையல்கார அக்காவின் பூனைக்கு. ஒன்று, எங்கள் அதிகாரிக்கு. நான்காவது மிஞ்சியது. மிஞ்சியதை வீணாக்குபவனா நான்? படிக்கட்டின் கீழே, அறிவிப்புப் பலகைக்கு முன்னால் இருக்கும் மேசையில் வைத்து, 'உண்ணி மருந்து, இலவசம்' என்று துண்டுத்தாளில் எழுதிவிட்டு வந்தேன். அன்று நான் எப்படிப் படியேறினேன் என்கிறீர்கள்? பெரிய வள்ளல் என்ற நினைப்பு!

ஞாயிற்றுக்கிழமை காலை அதிகாரிக்கு மருந்து போட்டேன். மதியம் என் துணைவியார் கூப்பிட்டார். "என்னங்க, இது காதைப் பாருங்க, துடிச்சுக்கிட்டே இருக்கு."

"மருந்து வேலை செய்யுதுன்னு அர்த்தம்" என்றேன். தாய்மார்களே, இந்த வாயால் சொன்னேன்.

கொஞ்ச நேரத்தில் எச்சில் ஒழுகியது. பிறகு உடம்பு முழுக்க உதறியது. நிற்கப் பார்த்தது, விழுந்தது. அப்போது துணைவியார் கையில் மளிகைச் சீட்டு இருந்தது. மருந்து வந்த அட்டைப் பெட்டியை வெட்டி, அதன் உட்பக்கத்தில் நான்தான் உப்பு, எண்ணெய், துணி சோப்பு என்று எழுதியிருந்தேன். அதைத் திருப்பிப் பார்த்தவர் கேட்டார், "என்னங்க இது? பூனை படம் போட்டு மேல குறுக்கே கோடு போட்டிருக்கு?"

மிச்சம் பிடிப்பதற்காக வெட்டிய அட்டையில், பூனைக்குப் போடாதே என்று படமே போட்டிருந்தான் மருந்து செய்த மகராசன்.

துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு ஓடினோம். டாக்டரம்மா ஊசி போட்டார், மருந்தைக் கழுவினார், போர்த்தினார். பிறகு என் பக்கம் திரும்பினார். "யார் சொல்லி இதைப் போட்டீங்க?"

"யாரும் சொல்லல டாக்டர்."

"யாரையாவது கேட்டீங்களா?"

"கேக்கல டாக்டர்."

"ஏன்? கேட்டா ஃபீஸ் வாங்கிடுவேன்னு பயமா? வாசல்ல உக்காந்திருக்கிற பொண்ணுகிட்ட ஒரு போன் போட்டிருந்தா சொல்லியிருப்பாளே. அதுக்கு நாங்க காசு வாங்குறதே இல்லையே!"

ஐயா, எதில் மிச்சம் பிடித்திருக்கிறேன் பாருங்கள்! காசில்லாமல் கிடைத்த ஒரே பொருளில் மிச்சம் பிடித்திருக்கிறேன்! ஒரு கேள்வி. கேட்டிருக்கலாமே, ஒரே ஒரு கேள்வி!

அங்கிருந்தே தையல்கார அக்காவுக்குப் போன் போட்டேன். "அக்கா, அந்த மருந்து..." என்று ஆரம்பித்தேன். "அதைப் போடத்தான்பா மல்லுக்கட்டிட்டு இருக்கேன். இந்தச் சனியன் கட்டிலுக்கு அடியில பூந்துக்கிட்டு வரவே மாட்டேங்குது" என்றார். "வர வேண்டாம் அக்கா! அது அங்கேயே இருக்கட்டும்!" என்று நான் போட்ட கூச்சலில் டாக்டரம்மா கையிலிருந்த ஊசி ஆடிப்போனது. எலக்ட்ரீஷியன் தம்பியின் நாய்க்கு ஒன்றும் ஆகவில்லை. கால் பங்கு மருந்து என்பதால் அதன் உண்ணிகளுக்கும் ஒன்றும் ஆகவில்லை, சுகமாக இருக்கின்றன.

மூன்று நாள் அதிகாரி அங்கே கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் படுத்திருந்தது. என் துணைவியார் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "நீங்க மிச்சம் பிடிச்சதெல்லாம் எனக்காகவும்தான்னு தெரியும். ஆனா இந்தப் பூனைக்கு என்னைத் தவிர யாருங்க இருக்கா?" என்றார். அந்த வரவேற்பறை நாற்காலியில் உட்கார்ந்து நான் அழுதேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், வாய்விட்டு அழுதேன்.

பிழைத்துக்கொண்டது. கைதட்ட வேண்டாம், அது டாக்டரம்மாவின் திறமை. இப்போது என்னைக் கண்டால் அலமாரிமேல் ஏறிக்கொள்கிறது. ஏறட்டும், அதற்கு நியாயம் இருக்கிறது.

ஆனால் நான்காவது புட்டி? அன்றே ஓடி வந்து பார்த்தேன். மேசை காலி. எச்சரிக்கை அறிவிப்பு எழுதி, தலைவரிடம் கையெழுத்தும் வாங்கி, பலகையில் ஒட்டினேன். ஆறு நாள் ஆயிற்று. நேற்றுத்தான் காவலாளி சொன்னார், "சார், உங்க எழுத்து எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு. அதை இங்க ஒருத்தரும் படிக்கிறதே இல்ல." மையை மிச்சம் பிடிக்கப் பொடி எழுத்தில் எழுதுவது என் இருபது வருட வழக்கம்! வீடு வீடாகக் கதவைத் தட்டினேன். பாதி வீடு பூட்டியிருந்தது. திறந்த வீட்டில் எல்லோரும் "நாங்க எடுக்கல" என்றார்கள். அதனால்தான் இந்த ஒலிபெருக்கியின் முன்னால் வந்து நிற்கிறேன்.

அன்பானவர்களே! மிச்சம் பிடியுங்கள். விளக்கில் பிடியுங்கள், விசிறியில் பிடியுங்கள், தண்ணீரில் பிடியுங்கள், தாளிலும் பிடியுங்கள். நான்கு வீடு சேர்ந்து நல்ல தீனியாக ஒரு மூட்டை வாங்கிப் பிரித்துக்கொள்ளுங்கள், அதில் தவறே இல்லை. காலத்தில் தடுப்பூசி போடுங்கள். பின்னால் வரும் பெருஞ்செலவை அது தடுக்கும். ஆனால் கேட்பதில் மிச்சம் பிடிக்காதீர்கள்! படிப்பதில் மிச்சம் பிடிக்காதீர்கள்! நமக்கு வலித்தால் நாம் கத்துவோம். நமக்குச் சந்தேகம் வந்தால் நாம் கேட்போம். அதற்கு வாய் உண்டா? "இது என்ன மருந்து, எனக்கு ஆகுமா?" என்று கேட்க அதற்கு மொழி உண்டா? நாம் நீட்டுவதை நம்பிக் கழுத்தைக் கொடுக்கிறதே, அந்த உயிருக்காக வாய் திறக்க வேண்டியவர் யார்? நாம்! திறக்காமல் நின்றவன் யார்? நான்! என் மானம் மொத்தமும் இப்போது இந்த மேசைமேல் கிடக்கிறது. இதைவிடக் குறைந்த விலைக்கு எவனும் தன்னை விற்றதில்லை. இனி யாருக்கும் வெட்கம் வேண்டாம். கேட்கிறேன், நான்காவது புட்டி யாரிடம்?

யாரும் இல்லையா?

தலைவரே, எழுந்து நிற்கிறீர்களே, பேச்சை முடிக்கச் சொல்கிறீர்களா? என்ன? ஐயா, ஒலிபெருக்கியில் சொல்லுங்கள். வேண்டாமா? சரி, பின்வரிசைக்குக் கேட்கவில்லை, தலைவர் என் காதில் சொன்னதை அவர் அனுமதியோடு அப்படியே சொல்கிறேன். "புட்டி என்கிட்டதான் இருக்கு. கீழே கார் நிறுத்துற இடத்துல ஒரு பூனை குட்டி போட்டிருக்கு. மூணு குட்டி. தினமும் நான்தான் பால் வைக்கிறேன். எல்லாத்து மேலயும் உண்ணி. இத்தனை நாள் தாய் கிட்டவே விடல, இன்னிக்குக் கூட்டம் முடிஞ்சதும் போடலாம்னு சட்டைப் பையிலயே வெச்சிருக்கேன். உங்க நோட்டீஸ்ல கையெழுத்துப் போட்டேன், படிக்கல. வீட்டுல யாருக்கும் தெரியாது."

சிரிக்காதீர்கள். தயவுசெய்து யாரும் சிரிக்காதீர்கள். பூனைகளுக்கு உணவிடக் கூடாது என்று அதே இடத்தில் பலகை மாட்டியவர் இவர்தான், எனக்கும் தெரியும். அந்தப் பலகைக்கு அடியிலேயே தினமும் குனிந்து பால் வைத்திருக்கிறார், இது எனக்குத் தெரியாது. இன்னும் அரை மணி நேரத்தில் நான்கு உயிர் போயிருக்கும் ஐயா. என்னால்.

இப்படி வாருங்கள் தலைவரே, என் பக்கத்தில் நில்லுங்கள். இங்கே மானம் போனவர்களுக்கு இடம் நிறைய இருக்கிறது. இதோ டாக்டரம்மாவின் எண். பால் குடிக்கும் குட்டிகளுக்கு எதைப் போடலாம் என்று நீங்களே கேளுங்கள். காசு வாங்க மாட்டார்கள்.

பொறுமையாகக் கேட்ட தாய்மார்களுக்கும், மணியை மறந்த தலைவருக்கும், தேநீரை மறந்த பின்வரிசைக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. இந்த முறை ஆளுக்கொரு வணக்கம், குறையாமல் எடுத்துக்கொள்ளுங்கள். தலைவரே, முதலில் அந்தப் புட்டியை இப்படிக் கொடுங்கள்.