பச்சை அட்டை வேண்டாம்

— பச்ச அட்டைய எடுத்துட்டு செவப்பு கட்டுங்க சார். நான் கேக்குறது அவ்ளோதான்.

— முதல்ல உக்காருங்கோ, உலகநாதன். ஞாயித்துக்கிழமை காலங்காத்தால லோத்குண்டாலேர்ந்து வண்டியை ஓட்டிண்டு வந்து, பாஸ் ஆன பொண்ணை ஃபெயில் பண்ணுன்னு கேக்கற அப்பாவை இப்பத்தான் பாக்கறேன்.

— கைக்கு சார், எதுக்கு சிரிக்கிறீங்க? அந்த டெஸ்ட்டுலேர்ந்து ரக்ஷிதா ஸ்கூல்னாலே அழுவுது. நக்கோ டாடி, வேணாம் டாடின்னு கட்டில் கால புடிச்சிட்டு தொங்குது. மூணாங்கிளாஸ் புள்ளைய தூக்கிட்டா போக முடியும்?

— குழந்தை இப்போ எங்கே?

— வெளிய வண்டிகிட்ட நிக்குது. ராஜாராமன் அங்கிள் வீடுன்னதும் உள்ள வரமாட்டேன்னுடுச்சு.

— ரமா, வாசல்ல உன் ஸ்டூடண்ட் நிக்கறாளாம். கூப்பிடேன்.

— அப்பவே கூப்ட்டாச்சு. சமையல் ரூம்ல உக்காந்து முறுக்கு தின்னுண்டிருக்கா. வாங்கோ உலகநாதன். என்னைக் கேட்டா, இவரை என் டிசைன் டெக்னாலஜி கிளாசுக்குக் கூட்டிண்டு போனேனே, அங்கதான் வெனை ஆரம்பிச்சது.

— நீதானேடி டெஸ்ட் பண்ண ஆள் வேணும்னே. குஷாய்குடால ரிடையர் ஆனவா எல்லாரும் வாக்கிங் போறா, நீங்க மட்டும் என் தோசைல குத்தம் கண்டுபிடிச்சிண்டிருக்கேள், எங்க ஸ்கூலுக்கு வாங்கோன்னே.

— டெஸ்ட் பண்ணுங்கோன்னேன். ஃபேக்டரில இன்ஸ்பெக்டரா சர்க்யூட் போர்டு பாத்த மாதிரி பாத்து, குழந்தைகள் பண்ணினதுல எல்லாம் 'ரிஜெக்ட்'னு செவப்பு அட்டை கட்டச் சொன்னேனா? அன்னிக்கு சாயங்காலம் அம்மாக்கள்லாம் போன்ல என்னைக் காய்ச்சி எடுத்துட்டா.

— குழந்தைகள் யாராவது அழுதாளா? அதையும் சொல்லு.

— அதான் வேடிக்கை, உலகநாதன். சிவப்பு வந்தா அடுத்த வியாழக்கிழமை ரிப்பேர் மேஜைல இடம். பசை, கத்திரிக்கோல், இவரோட அரட்டை, எல்லாம் அந்த மேஜைலதான். அந்த மாதவ் ரெண்டு தரம் சிவப்பு வாங்கிட்டு, காலரைத் தூக்கி விட்டுண்டு திரியறான். பச்சை வாங்கினது உங்க ரக்ஷிதா ஒருத்திதான். அவ பண்ணினது ஸ்கூல் கண்ணாடி அலமாரிக்குப் போயிடுத்து. அவளுக்கு மேஜை இல்லை.

— அதேதான் மிஸ் நானும் சொல்றேன். எல்லாரும் ஒரு பக்கம், எம்பொண்ணு ஒரு பக்கம். ஒரு செவப்பு அட்டைல தீந்து போற விசயம்.

— எப்படிக் கட்டுவேன்? அவ பண்ணினது, வெட்டின பால் பாக்கெட்டை சாயாம வெச்சுக்க ஒரு தாங்கி. கார்ட்போர்டு, ஐஸ் குச்சி, பசை. மேஜையை ஆட்டினா மத்த குழந்தைகள் பண்ணினதெல்லாம் பொத்துபொத்துனு விழுந்தது. உங்க பொண்ணோடது அசையலை. நனைச்சும் பாத்தேன், ஒட்டினது விடலை. சர்வீஸ் பூரா யார் சொல்லியும் ஒரு அட்டையை மாத்தினவன் இல்லை நான். பெரிய ஆபீசர் சொல்லி மாத்தலைன்னு என் பிரமோஷனே...

— அந்தக் கதையை இப்போ ஆரம்பிக்காதீங்கோ.

— அந்தத் தாங்கியே எனக்காக செஞ்சது சார். நான் ஃபிரிட்ஜ் மெக்கானிக். எந்த வீட்டு ஃபிரிட்ஜத் தொறந்தாலும் பால் கொட்டி, அடித்தட்டுல காஞ்சு கெடக்கும். சொரண்டி சொரண்டி கை போயிரும். வீட்டுக்கு வந்து அதையே பொலம்பிட்டிருப்பேன். வீட்ல யாருக்கு என்ன கஷ்டம்னு பாத்து ஒரு சாமான் செய்யுங்கன்னு மிஸ் சொன்னாங்களா, இது என் கஷ்டத்த எடுத்துக்கிச்சு.

— அன்னிக்கு கிளாஸ் கதவுகிட்ட நின்னு போட்டோ எடுத்துத் தள்ளினேளே. பூரிச்சுப் போயிருந்தேள்.

— ஹவ் சார், ஆமா. பெருமதான். அந்தப் பெருமைலதான்...

— பெருமைல?

— ஒண்ணுமில்ல சார். விடுங்க.

— ஐஸ் குச்சி அப்படி நிக்கறது அதிசயமா இருக்கேன்னு எனக்கே ஒரு நெருடல். என்ன பண்ணினேள்?

— மெதுவா சார். உள்ள இருக்குது அது. டெஸ்ட்டுக்கு மொத நாள் அது தூங்கினப்புறம் தாங்கிய எடுத்து ஆட்டிப் பாத்தேன். ஒரு கால் லொடலொடங்குது. நாளைக்கு எல்லார் முன்னாடியும் விழுந்துருமேன்னு மனசு கேக்கல. ஃபிரிட்ஜுக்குப் போடுற கல்லு மாதிரி இறுகுற பசை என் டூல் பேக்ல இருந்துச்சு. ஒவ்வொரு காலுக்கும் ஒரு சொட்டு வெச்சேன்.

— அவளுக்குத் தெரியாதா?

— தெரியக்கூடாது மிஸ். தெரிஞ்சா, டாடிக்கு எம்மேல நம்பிக்கையில்லன்னு நெனச்சுக்கும். அது தாங்காது. நீங்க செவப்பு கட்டுங்க, அது மேஜைக்குப் போயிரும், கத முடிஞ்சுது.

— கட்டறேன். ஆனா அட்டைல காரணம் எழுதணும்.

— கோணலா இருக்குன்னு எழுதுங்க.

— கோணலா இல்லையே.

— ஏன்னா, ஒரு குழந்தைக்காக...

— குழந்தைக்காகத்தான் சொல்றேன் ரமா. பொய் எழுத மாட்டேன். உண்மையை எழுதினா கட்டறேன், இல்லைன்னா பச்சையே இருக்கட்டும்.

— உண்மைய எழுதினா படிச்சிருமே சார். என்னைவிட நல்லா இங்கிலீஷ் படிக்குது.

— அதுக்கு முன்னாடி நீங்களே அவகிட்ட சொல்லிடுங்கோ.

— அந்த தகிரியம் இருந்தா உங்க வீட்ல எதுக்கு சார் உக்காந்திருக்கேன்?

— ரக்ஷிதா, நீ எப்போ வந்து நின்னே?

— இப்புடே மேம். முறுக்கு அயிப்போயிந்தி.

— தீந்துபோச்சா? டப்பால இன்னும் இருக்கு, எடுத்துக்கோ.

— போ கண்ணு. பெரியவங்க பேசிட்டிருக்கோம்.

— நாக்கு தெலுசு டாடி.

— தெரியுமா? என்னடா தெரியும்?

— நைட் நான் ஆட்டினேன், ஆடுச்சு. மார்னிங் ஆட்டினேன், ஆடல. உங்க டூல் பேக் வாசனை வந்துச்சு.

— தெரிஞ்சும் ஏம்மா அங்கிள்கிட்ட சொல்லலை?

— டாடி எல்லாருக்கும் போட்டோ காட்டிட்டு இருந்தாரு மேம். நான் சொன்னா டாடி ஃபெயில் ஆயிடுவாரு கதா, இல்லையா?

— அதுக்கா கண்ணு ஸ்கூலுக்குப் போக மாட்டேன்ன?

— அலமாரில என் பேரு மட்டும் இருக்கு, ஆனா ஒட்டினது நீங்க. ப்ரேயருக்குப் போறப்ப டெய்லி அதைப் பாக்கணும் டாடி.

— என்ன மன்னிச்சிரு கண்ணு. உன்ன நம்பாம இல்ல. நீ விழுந்துருவியோன்னு பயந்துட்டேன்.

— ரமா, உள்ள பீரோலேர்ந்து அந்த எழுதாத சிவப்பு அட்டையெல்லாம் கொண்டா. எனக்கும் ஒண்ணு எழுதிக்கறேன். குழந்தைக்கு வந்த வாசனை இன்ஸ்பெக்டர் மூக்குக்கு வரலையே. சொல்லும்மா ரக்ஷிதா, தாங்கியோட அட்டைல யார் பேர் போடட்டும்? உன் பேரா?

— எங்க ரெண்டு பேர் பேரும் போடுங்க அங்கிள். அப்பதான் தர்ஸ்டே டாடிக்கும் மேஜைல இடம் குடுப்பீங்க.